ஐந்து பேருக்கு ஒரே மாமா

திருகோணமலை மாவட்டத்து ஆங்கில ஆசிரிய ஆலோசகர்களுக்கும், என்னைப் போல வகுப்பறையில் நிற்கும் ஆங்கில ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். மூன்று வருடங்களுக்கு முன் தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது, தரம் 11 பிள்ளைகள் ஐந்து பேருக்குக் கொழும்பில் ஒரே மாமா இருப்பதைக் கண்டுபிடித்தேன். ஐவருக்கும் அவர் வங்கி முகாமையாளர். ஐவரும் போன விடுமுறைக்கு அவர் வீட்டில் போய் நின்றிருக்கிறார்கள். வாகன இரைச்சலில் ஐவருக்கும் இரவில் நித்திரை வரவில்லை. ஆகவே, நகர வாழ்க்கையைவிடக் கிராம வாழ்க்கையே சிறந்தது என்பது ஐவரின் கருத்து.

அந்த ஐவரில் ஒருத்தி கடற்றொழில் செய்யும் வீட்டுப் பிள்ளை. கொழும்புக்கு அவள் ஒருமுறைகூடப் போனதில்லை என்பது எனக்குத் தெரியும். கூப்பிட்டுக் கேட்டேன், "ஆர் பிள்ளை இந்த மாமா?" "அது ரீச்சர், கட்டுரைல வாற மாமா" என்றாள். முகத்தில் கூச்சம் துளியும் இல்லை. ஏன் கூச்சப்பட வேண்டும்? கட்டுரை எழுதுவது என்றால் இதுதான் என்று நாம்தானே சொல்லிக்கொடுத்தோம்.

நாம் என்று சும்மா மரியாதைக்குச் சொல்லவில்லை. அந்த மாமா ஒரு பரீட்சைக் கருத்தரங்கில் கொடுத்த மாதிரிக் கட்டுரைக் கட்டிலிருந்து வந்தவர். யார் நடத்திய கருத்தரங்கு என்பது இங்கே வேண்டாம். அந்தக் கட்டைப் போட்டோக்கொப்பி எடுத்து வகுப்புக்குக் கொடுத்தது நான். அதற்கு முன்னும் பல வருடங்கள் அப்படித்தான் கொடுத்துவந்தேன்.

ஏன் கொடுக்கிறோம் என்பதற்கு நியாயம் இருக்கிறது. சாதாரண தர ஆங்கில இரண்டாம் வினாத்தாளின் கடைசியில் ஏறத்தாழ 200 சொற்களில் எழுத ஒரு கேள்வி வருகிறது. கெட்டிக்காரப் பிள்ளை எப்படியும் எழுதும். மற்றப் பிள்ளை வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வருமே என்ற பயம். எதையாவது பாடமாக்கி எழுதினால் ஒன்றிரண்டு புள்ளியாவது விழும் என்று நினைக்கிறோம். ஆனால் பரீட்சைக்கு நம் மாமாவைத் தெரியாது. நகரமா கிராமமா என்று பாடமாக்கிய பிள்ளையிடம், இளைஞர்கள் வேலைக்காக ஊரை விட்டுப் போகலாமா என்று கேட்கிறார்கள். அங்கேயும் மாமா வந்து நிற்கிறார். வாகனம் இரைகிறது. அந்தக் கடற்றொழிலாளி வீட்டுப் பிள்ளையின் அண்ணன் அப்போது கட்டாரில் இருந்தான். ஊரை விட்டுப் போவது பற்றி அவளுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. அது ஆங்கிலத்தில் எழுதக்கூடிய விடயம் என்றே அவளுக்குத் தெரியாது.

இனிமேல் மாதிரிக் கட்டுரைக் கட்டுகள் வேண்டாம் என்று கேட்கத்தான் இந்த மடல். வேண்டாம் என்றால் வேறு என்ன செய்வது என்பதற்கு, இந்த மூன்று வருடங்களில் நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள்.

முதல் தலைப்பு மான். கோட்டைக்குள் மட்டுமல்ல, நம் நகரத் தெருக்களிலும் புள்ளிமான்கள் திரிவது நமக்குப் புதினம் இல்லை. வெளியூர்க்காரர்தான் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அந்த மான்களை நகரத்திலிருந்து வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமா? இதுதான் கேள்வி. முதல் பாடவேளை முழுவதும் தமிழில் பேசவிட்டேன். ஆங்கிலப் பாடத்தில் தமிழா என்று முகம் சுழிப்பவர்கள் இருப்பார்கள். முந்தி நானும் சுழித்திருப்பேன். என்ன சொல்வது என்று யோசிப்பது ஒரு சுமை, அதை ஆங்கிலத்தில் சொல்வது இன்னொரு சுமை. இரண்டையும் ஒரே தலையில் ஏற்றினால் பிள்ளை இரண்டையும் போட்டுவிட்டு மாமாவைத் தூக்கிக்கொள்ளும்.

அந்த நாற்பது நிமிடத்தில் வகுப்பு சந்தைக்கடை மாதிரி ஆனது. "மான் குப்பைய எல்லாம் தின்னுது ரீச்சர், பொலித்தீனும் தின்னுது." "வடிவா இருக்கு, வெளிநாட்டுக்காரர் படம் எடுக்குறாங்க." "ராவில மோட்டச்சைக்கிளுக்குக் குறுக்கால பாயுது." "எங்கட வாழைக்கன்றைக் கடிச்சிட்டு." பின்வாங்கிலிருந்து ஒருவன், "மானுக்கு முதலா நாங்க வந்தது?" என்றான். கடைசியில் இருக்கும் இந்தப் பையன்தான் ஆங்கிலத்தில் எப்போதும் பத்துக்குள் எடுப்பவன்.

கரும்பலகையில் மூன்று கேள்விகளை எழுதினேன். என்ன சொல்கிறாய்? ஏன்? எப்படித் தெரியும்? முதல் இரண்டுக்கும் எல்லாரும் பதில் சொல்வார்கள். மூன்றாவதில்தான் மாட்டிக்கொள்வார்கள். ஒரு பையன், நகரத்தில் இருப்பது மானுக்குக் கூடாது என்றான். ஏன் என்றால், அதன் உடம்புக்குக் கெடுதி என்றான். உனக்கு எப்படித் தெரியும் என்றேன். பேசாமல் நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்: அவன் தகப்பன் மரக்கறிக் கடை வைத்திருக்கிறார், காலையில் கடை திறக்கப் போனபோது ஒரு மானின் வாயில் பொலித்தீன் பை பாதி உள்ளே பாதி வெளியே தொங்கியது, அதற்கு விழுங்கவும் தெரியவில்லை, துப்பவும் தெரியவில்லை. அடுத்த நாள் அதை ஆறு ஆங்கில வசனங்களில் எழுதினான். எழுத்துப்பிழை மூன்று. ஆனால் என் இத்தனை வருட ஆசிரியத் தொழிலில் அதற்கு முன் நான் வாசித்திராத பந்தி அது.

ஆசிரியர் அறையில் இந்த மூன்று கேள்விக் கதையைச் சொன்னபோது எங்கள் தமிழ் ஆசிரியர் சிரித்தார். "இது மணிமேகலையில இருக்கிற சாமான்தானே" என்றார். அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லிக்கொடுக்கும் இடத்தைக் காட்டினார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது: இது பக்கம். ஏனென்றால் புகை இருக்கிறது: இது ஏது. அடுக்களையில் பார்ப்பது போல: இது திட்டாந்தம். இதற்குப் பிறகு பொருத்திக் காட்டும் உபநயம், முடிவைச் சொல்லும் நிகமனம் என்று இரண்டு. சொல்ல வந்ததை முதலில் சொல், காரணத்தைச் சொல், பிறகு எல்லாரும் கண்ணால் கண்ட ஒன்றைக் காட்டு. ஆங்கிலப் பந்திக்கு நாம் இவ்வளவு காலம் பயிற்சிப் புத்தகங்களில் தேடியது அடுக்களைக்குள்ளேயே கிடந்திருக்கிறது.

இதை ஏன் இழுத்துச் சொல்கிறேன் என்றால், தமிழன் சுற்றிவளைத்துத்தான் பேசுவான், ஆங்கிலம் நேராகப் பேசும் மொழி, அதனால்தான் நம் பிள்ளைகளுக்குக் கட்டுரை வராது என்று செயலமர்வுகளில் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. சுற்றிவளைப்பது தமிழ் இல்லை, நம் பள்ளிக்கூடக் கட்டுரை. மரம் நடுதல் பற்றி எழுதச் சொன்னால் முகவுரையில் அண்டசராசரமும் வந்து போகும். அதே பழக்கத்தில்தான் ஆங்கிலத்திலும் நவீன உலகில் நாம் வாழ்கிறோம் என்று தொடங்குகிறார்கள். கருத்துக் கட்டுரையில் முதல் பந்திக்கு இரண்டு வசனம் போதும்: எதைப் பற்றிப் பேச்சு, நான் எந்தப் பக்கம்.

மொழியால் வரும் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தமிழில், "மான்களைக் கொண்டுபோக வேண்டும். ஏனென்றால் அவை பொலித்தீன் தின்கின்றன" என்று இரண்டு வசனமாக எழுதலாம், குற்றமில்லை. அதையே பிள்ளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய், முதல் வசனத்துக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, பிகோஸ் என்று புது வசனம் தொடங்கி அங்கேயே முடித்துவிடும். ஆங்கில எழுத்தில் அது அரை வசனம். வருடக்கணக்காக அதைச் சிவப்புப் பேனையால் வளைத்துக்கொண்டிருந்தேன்; ஏன் வருகிறது என்று யோசிக்கவே இல்லை. இரண்டு மொழியையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, நடுவில் இருக்கும் அந்தப் புள்ளியை மட்டும் அழித்துக் காட்டிய பிறகு பாதிப் பேருக்கு அது விட்டது. மற்றப் பாதிக்கு இன்னும் விடவில்லை.

அடுத்தது எல்லாரும், எப்போதும், ஒருபோதும் என்ற மூன்று சொற்கள். எல்லா மான்களும் பொலித்தீன் தின்கின்றன என்று எழுதியவனிடம், நீ எத்தனை மானைக் கண்டாய் என்று கேட்டேன். ஒன்றை. தமிழில் தின்னலாம், வரலாம், இருக்கலாம் என்று எவ்வளவு அழகாகப் பேசுகிறோம்! ஆங்கிலத்தில் மே, சம், மெனி என்ற மூன்று சிறிய சொற்களுக்கு ஒரு முழுப் பாடவேளை கொடுத்தேன், வீண் போகவில்லை. மோரோவர், ஃபேர்தர்மோர் என்று இணைப்புச் சொற்களின் பட்டியல் கொடுத்துப் பாடமாக்கச் சொல்வதை நிறுத்திவிட்டேன். காரணம் இல்லாத பந்திக்கு மோரோவர் போடுவது, ஓலை வேயாத வீட்டு முகட்டில் கொடி கட்டுவது மாதிரி.

சரி, எதிர்ப்பக்கம். நம் பிள்ளைகள் நன்மை மூன்று, தீமை மூன்று எழுதி, ஆகவே இதில் நன்மையும் உண்டு தீமையும் உண்டு என்று மதில்மேல் பூனையாக முடிப்பார்கள். கேள்வி நன்மை தீமை கேட்டால் அது சரி. உன் கருத்து என்ன என்று கேட்டாலும் அதையே எழுதுகிறார்கள். பெரியவர்கள் முன் எனக்கு இப்படித் தோன்றுகிறது என்று சொல்லிப் பழகாத பிள்ளைகள். நம்மை மட்டும் விடுவானேன், வாயைத் திறக்காமல் இருப்பதே புத்தி என்று இந்த ஊரில் வளர்ந்த தலைமுறை நாம். அதை வகுப்புக்குள்ளும் கொண்டுவந்திருப்போம். அதனால் வகுப்பை இரண்டாகப் பிரித்துப் பட்டிமன்றம் வைத்தேன். பாதி நேரத்தில் கட்சியை மாற்றினேன். மானைக் கொண்டுபோகச் சொன்னவர்கள் மானுக்காகப் பேச வேண்டும். ஒரே கூச்சல், ஒரே சிரிப்பு. ஆனால் "நீ அப்படித்தான் சொல்லுவா, ஆனா" என்று அவர்கள் வாயில் தானாக வந்த அந்த "ஆனா"தான் எதிர்ப்பந்தி என்று காட்டியபோது யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. எதிராளி சொல்வதில் நியாயமானதை ஒப்புக்கொண்டு, அதற்குப் பிறகும் நான் ஏன் என் பக்கம் நிற்கிறேன் என்று சொல்வது. தெருச்சண்டையில் இதை நம் பிள்ளைகளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

200 சொல் என்ற பயத்தையும் கணக்குப் போட்டுக் கலைக்கலாம். தொடக்கத்துக்கு 30, இரண்டு காரணங்களுக்கு 60 படி 120, எதிர்ப்பக்கத்துக்கு 30, முடிவுக்கு 20. எல்லாம் சேர்த்துப் பதினைந்து வசனத்துக்குக் கிட்ட. "இவ்வளவுதானா ரீச்சர்?" என்றார்கள். ஆனால் முழுக் கட்டுரை எழுதவிட்டது இரண்டாவது மாதத்தில்தான். அதுவரை வாரத்துக்கு ஒரு பந்தி.

திருத்துவது பற்றி எனக்கு மன உறுத்தல் உண்டு. பழைய கொப்பி ஒன்றில் என் சிவப்புக் கோடுகளை எண்ணினேன்: ஒரே கட்டுரையில் 43. அந்தப் பிள்ளை கீழே இருந்த புள்ளியை மட்டும் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடியிருக்கும், நானும் அப்படித்தான் செய்திருப்பேன். இப்போது ஒரு பந்திக்கு ஒரு விடயம் மட்டும் திருத்துகிறேன். எது என்று எழுதும் முன்பே சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் காரணமும் உதாரணமும். அடுத்த வாரம் வினைச்சொல்லின் காலம். ஒரு தாய் கொப்பியோடு வந்து, ரீச்சர் பிழையைக் காணாமல் விட்டுவிட்டார் என்று அதிபரிடம் முறையிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. சிவப்பு அதிகமாக இருந்தால்தான் ரீச்சர் வேலை செய்கிறார் என்று நாமே பழக்கிவைத்திருக்கிறோம். வெளிநாடு போக ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சை எடுக்கும் பிள்ளைகள் நம்மிடம் ஓடி வருகிறார்களே, அதில் எழுத்துப் பரீட்சையின் இரண்டாம் பகுதிக்குக் குறைந்தது 250 சொல், 40 நிமிடம் ஒதுக்கச் சொல்கிறார்கள். நான்கு அளவுகோல்களால் திருத்துகிறார்கள். கேட்டதற்குப் பதில் சொன்னாயா, கோர்வையாக இருக்கிறதா, சொல்வளம் எப்படி, இலக்கணம் எப்படி. நாலும் சம அளவு. இலக்கணம் கால்வாசி. நாம் முழு மையையும் அந்தக் கால்வாசியில் கொட்டிக்கொண்டிருக்கிறோம். மனப்பாடம் செய்து எழுதியது தெரிந்தால் அங்கே புள்ளியும் குறையும்.

எல்லாம் வெற்றி என்று சொல்ல வரவில்லை. வருடாவருடம் ஆறேழு பிள்ளைகள் ஒரு பந்திக்கு மேல் எழுதுவதில்லை. அவர்களுக்கு அந்த ஒரு பந்தியை ஒழுங்காக எழுதவைப்பதோடு நிற்கிறேன். உயர்தர வகுப்பிலோ பொது ஆங்கிலம் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் சேராது என்பதால் அந்தப் பாடவேளையை இரசாயனவியலுக்குக் கடனாகக் கேட்டு வருகிறார்கள். திருப்பிக் கொடுத்தவர் எவருமில்லை.

இனி ஆசிரிய ஆலோசகர்களிடம் நேராக. அடுத்த செயலமர்வுக்குக் கட்டுக் கொண்டுவராதீர்கள். இன்றைக்குப் பிள்ளை போனில் கேட்டால் அரை நிமிடத்தில் கட்டுரை வந்து விழுகிறது, அதிலும் ஒரு மாமா இருப்பார். அதற்குப் பதிலாகப் பிள்ளைகள் எழுதிய மூன்று விடைத்தாள்களைப் பெயரை மறைத்துக் கொண்டுவாருங்கள், எல்லாரும் சேர்ந்து திருத்துவோம். எங்கள் ஆசிரியர் அறையில் ஒரே கட்டுரைக்கு மூன்று பேர் 15க்கு 5, 9, 12 போட்டோம். நான்தான் அந்த 5. பிறகு அரை மணி நேரம் வாக்குவாதப்பட்டு 9க்கு வந்தேன். எந்தச் செயலமர்விலும் அவ்வளவு நான் கற்றுக்கொண்டதில்லை.

தவணை வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு: கட்டுரைக் கேள்விக்கு மேலே ஆறு கோடு இடம் விட்டு, முதலில் இங்கே யோசித்து எழுது, தமிழிலும் எழுதலாம் என்று போடுங்கள். அதற்கு இரண்டு புள்ளியும் கொடுங்கள். தலைப்பையும் நம் கடற்கரையிலிருந்து எடுங்கள். பவளப்பாறை மீள்வதற்காகப் புறாத்தீவைச் சுற்றுலாப் பயணிகளுக்குச் சில மாதம் மூடிவைக்கலாமா? கிண்ணியாப் பிள்ளைகளிடம், 2009இல் பாலம் வந்தபிறகு ஊருக்குக் கிடைத்தது கூடவா, இழந்தது கூடவா என்று கேளுங்கள். துறையில் தோணிக்குக் காத்திருந்த கதையை வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு வந்து எழுதட்டும். உயர்தரத்துக்கு என்றால், பிரித்தானியர் விட்டுப்போன அந்த 99 எண்ணெய்க் குதங்களை வெளிநாட்டுக் கம்பனியோடு சேர்ந்து நடத்துவது சரியா என்று கேட்கலாம். பத்திரிகை வாசித்து வருவார்கள். ஆங்கிலம் இந்த நாட்டில் இணைப்பு மொழி என்று அரசியலமைப்பு சொல்கிறது. மூன்று இனமும் ஒரே பஸ்சில் போகும் நம் மாவட்டத்தில், அந்த மொழியில் ஒரு பிள்ளை தன் ஊரைப் பற்றி வாதாடக் கற்பது பரீட்சைக்கு வெளியிலும் உதவும்.

மாமாவை எழுதிய அந்தப் பிள்ளையின் மிச்சக் கதையையும் சொல்ல வேண்டும். அதே வருடம், பரீட்சைக்கு முன், ஊரை விட்டுப் போகலாமா என்ற தலைப்பைத் திரும்ப எழுதினாள். போகக்கூடாது என்பது அவள் பக்கம். அண்ணன் போன பிறகு அப்பாவுக்கு வள்ளத்தில் துணைக்கு ஆள் இல்லை, கூலிக்கு ஆள் பிடிக்கிறார், மீன் படாத நாளிலும் கூலி கொடுக்க வேண்டும். அண்ணன் அனுப்பும் காசில் ஒரு பங்கு அந்தக் கூலிக்கே போகிறது. எதிர்ப்பந்தியில், வீட்டுக்கு ஓடு போட்டது அண்ணனின் காசில்தான் என்று ஒப்புக்கொண்டிருந்தாள். முடிவில் ஒரு வசனம்தான்: கணக்குப் பார்த்துவிட்டுப் போகட்டும். கூலி என்பதற்கு ஆங்கிலச் சொல் தெரியாமல் இடைவெளி விட்டிருந்தாள். அந்த இடத்தில் நான் எழுதிக் கொடுத்தேன். வேறு எங்கும் பேனை வைக்கவில்லை.

புதன்கிழமை மூன்றாம், நாலாம் பாடவேளை எனக்குத் தரம் 10. இப்போது புறாத்தீவு ஓடுகிறது, படகுக்காரர் கட்சி கொஞ்சம் பலமாக இருக்கிறது. நேரமிருந்தால் வந்து பின்வாங்கில் இருங்கள். கொப்பிகள் எல்லாம் மேசையில்தான் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியை,
திருகோணமலை